19 வருஷமாகக் கொட்டகையில் நிற்கும் அப்பாவின் யெஸ்டி: கிக் அடிக்கும் முன் என்ன பார்க்கணும்?

கட்டபெட்டு தேயிலைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கட்டபெட்டுக்குப் பக்கம், ஒன்றரை ஏக்கர் தேயிலையும் கொஞ்சம் காய்கறித் தோட்டமும். வண்டி அப்பாவுடையது. யெஸ்டி 250, 1981-இல் வாங்கியது. ரோடுகிங் இல்லை. உருண்டை டேங்க், 16 இஞ்ச் சக்கரம், ரெண்டு பக்கமும் சைலன்சர், கிக்கரும் கியரும் ஒரே கம்பி என்று இருக்குமே, அந்த மாடல்.

அப்பா அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். காலை ஷிஃப்ட் என்றால் இருட்டோடு கிளம்புவார். குளிருக்குச் சட்டைக்குள்ளே நாளிதழை மடித்து வைத்துக்கொண்டு, குல்லா மேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போவது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 2006-இல் ஓய்வு பெற்றார். ஆர்.சி. புதுப்பிக்கவேண்டிய கெடுவும் அதே வருஷம் வந்தது. "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று கொட்டகையில் ஏற்றினார். அவ்வளவுதான். கடைசியாக ஓடியது அந்த வருஷம் மே மாசம். விதை உருளைக்கிழங்கு எடுக்க மேட்டுப்பாளையம் போனவர், வரும்போது பெட்ரோல் தீர்ந்துபோய் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு ராத்திரி வந்தார்.

போன ஞாயிறு சாக்கையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். சீட்டை எலி தின்றிருக்கிறது. வலது சைலன்சர் வாயில் குளவி கூடு கட்டி, அதுவும் காய்ந்து கல்லாகிவிட்டது. டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு நெடி. விரலை விட்டால் பழுப்பாகப் பசை ஒட்டியது. அப்பா "டேங்க் நிறைய ஊற்றி, பெட்ரோல் டேப்பை மூடித்தான் நிறுத்தினேன், துரு பிடிக்காது" என்கிறார். அந்தப் பெட்ரோலை மறு வாரமே என் தம்பி இறக்கி, ஒரு சுற்றுவட்டாரத்துக்கே கவாத்து மெஷின் ஓட்டினான் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தேன். இறங்கவில்லை. காலை வைத்து லேசாக ஏறி நின்றேன். அப்போதும் இறங்கவில்லை. அதற்கு மேல் பயமாக இருந்தது, விட்டுவிட்டேன். அப்பா ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டே "ரெண்டே கிக்" என்கிறார். 79 வயது, முட்டி ரெண்டும் போய்விட்டது, இல்லாவிட்டால் அவரே வந்து உதைத்திருப்பார்.

இங்கே ஒரு மெக்கானிக்கைக் கேட்டேன். "எடைக்குப் போடுங்க மேடம்" என்றார். எனக்கு அதில் இஷ்டமில்லை. இலை பறிக்கும் மெஷினுக்கு ப்ளக், கார்பரேட்டர் எல்லாம் நானே கழற்றி மாட்டுகிறேன், அதுவும் டூ ஸ்ட்ரோக்தானே. பொறுமையும் இருக்கிறது. கேள்வி இதுதான்: எங்கிருந்து ஆரம்பிப்பது? பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்திருந்தால் வீட்டிலேயே விடுவிக்க முடியுமா? டேங்க்கை என்ன செய்வது? ஓட்டப்போவது நான்தான், அதனால் பிரேக்கும் கவலை.


கொடை புல்லட்:

அக்கா, ரொம்ப யோசிக்காதீங்க. என் புல்லட் 350 கொடைக்கானல் நாயுடுபுரத்தில் 12 வருஷம் நின்றது. புது பேட்டரி, புது ப்ளக், அரை லிட்டர் பெட்ரோல். சரிவில் தள்ளி செகண்ட் கியரில் கிளட்ச்சை விட்டேன், பிடித்துக்கொண்டது. மலையில் இருக்கிற ஒரே சௌகரியம் சரிவுதானே. என்ன, புல்லட்டில் ஆயில் டேங்க் இன்ஜினோடு சேர்ந்தே இருக்கும், நின்ற காலத்தில் ஆயில் எல்லாம் கசிந்து கிராங்க் (பிஸ்டன் சுற்றிவிடும் தண்டு) பக்கம் இறங்கிவிட்டிருக்கிறது. அதை வடிக்காமல் கிளப்பினேன், ப்ரீத்தர் (இன்ஜின் மூச்சுக்குழாய்) வழியாக ரோட்டுக்கே கோலம் போட்டது. உங்களது டூ ஸ்ட்ரோக், அந்தத் தொல்லை கிடையாது.

இன்னொன்று: மேலே காற்று மெலிசு. இங்கே 2,100 மீட்டரில் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவு. சமவெளி செட்டிங்கிலேயே விட்டால் பெட்ரோல் அதிகமாகி ப்ளக் கரியாகும். கார்பரேட்டர் ஊசியில் இருக்கும் க்ளிப்பை ஒரு காடி (ஊசியில் வெட்டிய பள்ளம்) மேலே மாற்றினால் ஊசி இறங்கும், கலவை மெலியும், மைலேஜும் கிடைக்கும்.


குன்னூர் ஸ்பேனர்:

அம்மா, கிக்கரை விட்டது நல்ல காரியம். தயவுசெய்து சரிவில் தள்ளவும் வேண்டாம். தம்பி சொன்னது பிஸ்டன் சுற்றுகிற வண்டிக்கு. பிடித்த வண்டியை கியரில் போட்டுத் தள்ளினால் பின் சக்கரம் பூட்டி இழுக்கும், கீழே விழுவது நீங்கள். கிக்கரை மிதித்தால் உள்ளே இருக்கும் பல் சக்கரத்தில் பல் போகும், அதற்கு இன்ஜினைப் பிளக்கவேண்டும்.

நான் 34 வருஷம் இந்த வண்டிகளைப் பார்த்தவன், இப்போது கடை இல்லை. வரும் வண்டியிடம் நான் முதலில் கேட்பது "ஏன் ஓடவில்லை" என்றில்லை, "ஏன் நிறுத்தினார்கள்" என்றுதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை யாரும் 19 வருஷம் நிறுத்துவதில்லை. ஆர்.சி. ஒரு சாக்கு. உங்கள் பதிவிலேயே ஒன்று இடிக்கிறது: பெட்ரோல் தீர்ந்து லாரியில் வந்த வண்டியில் மறு வாரம் தம்பி இறக்குகிற அளவுக்குப் பெட்ரோல் எப்படி வந்தது? லாரியில் வந்த வண்டிக்கு வீட்டில் யாராவது டேங்க் நிறைய ஊற்றுவார்களா? அப்பாவிடம் பதமாகக் கேளுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம்.

ப்ளக்கைக் கழற்றுங்கள். அந்த ஓட்டை வழியாக டீசலும் 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) பாதிக்குப் பாதி கலந்து ஒரு டம்ளர் ஊற்றுங்கள். குறையக் குறைய மறுபடி ஊற்றி, ஐந்தாறு நாள் விடுங்கள். நம் ஊரில் டூ ஸ்ட்ரோக் நின்றுவிட்டால் துரு உறுதி. பிஸ்டன் நிற்கும் இடத்தில் பெரும்பாலும் ஏதாவது ஒரு போர்ட் (சிலிண்டர் சுவரில் இருக்கும் வாசல்) திறந்திருக்கும், சைலன்சர் வழியாக மேகம் உள்ளேயே வந்து போகும். குளவி ஒரு பக்கத்தை அடைத்தது உங்களுக்குச் செய்த உதவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழை 19 பார்த்திருக்கிறது அந்தப் போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவர்).

அப்புறம் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டுவதுதான், உதைப்பது இல்லை. இந்த வண்டியில் கிளட்ச் கார்க், அதுவும் காய்ந்து ஒட்டியிருக்கும். இந்த ஒரு வேலைக்கு அது ஒட்டியிருப்பதே நல்லது, சக்கரத்தின் அசைவு நழுவாமல் கிராங்க்குக்குப் போகும். ஒரு நூல் அசைந்தால் போதும், மீதி தானாக வரும். அசையவில்லை என்றால் ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மேல்மூடியை, கழற்றுங்கள். அசைந்தாலும் கழற்றுங்கள். கழற்ற ஒரு மணி நேரம்கூட ஆகாது, உள்ளே என்ன நடந்தது என்பதை போர் சொல்லிவிடும். நெடுக்காகக் கோடு விழுந்திருந்தால் துரு மட்டும் இல்லை, ஓடும்போதே பிடித்திருக்கிறது.

கூடவே கார்பரேட்டர் ஊசியை எடுத்து, க்ளிப் எந்தக் காடியில் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். கொடைத் தம்பி சொன்ன வைத்தியத்தை வேறு யாரும் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்களா என்று தெரியவேண்டும்.

டேங்க்: பழைய சைக்கிள் செயின் ஒரு முழம் எடுத்து, ஒரு நுனியில் கம்பி கட்டி உள்ளே விட்டுக் குலுக்குங்கள். கம்பி வெளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் செயினை எடுக்க ஒரு நாள் ஆகும். பலர் ஜல்லி போடுவார்கள், ஒரு கல் உள்ளேயே தங்கும். உதிர்ந்ததைக் கொட்டிவிட்டு, வினிகர் நிறைய ஊற்றி ஒரு நாள் வையுங்கள். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே காயவைக்கணும். வெயிலை நம்பாதீர்கள், கோத்தகிரி பக்கம் வெயில் எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. தலைமுடி காயவைக்கும் மெஷினை வாயில் வைத்துவிடுங்கள். காய்ந்த கையோடு கொஞ்சம் 2டி ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். காலையில் ஈரமாக விட்டால் மத்தியானம் செம்பழுப்பாக இருக்கும்.

கரன்ட்: இது பேட்டரி இக்னிஷன். 6 வோல்ட் பேட்டரி உயிரோடு இல்லாமல் பொறி வராது. வலது பக்க மூடிக்குள் டைனமோ, அங்கேயே பாயிண்ட் (பொறிக்காகக் கரன்ட்டை வெட்டிவிடும் தொடுமுனை). பாயிண்ட் முகம் வெள்ளை பூத்திருக்கும், மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, அட்டையை நடுவில் விட்டுத் துடைத்து, இடைவெளி 0.4 மி.மீ. வையுங்கள். ப்ளக்குக்கு 0.6. பொறி பார்க்கும்போது பக்கத்தில் டீசல் டம்ளர் இருக்கக் கூடாது.

பிரேக்: வண்டி கிளம்புவதற்கு முன்பே ரெண்டு ட்ரம்மையும் திறந்துவிடுங்கள். ஷூ கல்லாகியிருக்கும். டயர் ட்யூப் பேச்சே வேண்டாம், மாற்றுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள்.


கூடலூர் செயின்கவர்:

ஸ்பேனர் அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். சாமான் பற்றி மட்டும் நான். மைசூர் ஃபேக்டரி 1996-இல் மூடினாலும் மைசூரில் இன்றைக்கும் இந்த வண்டிக்குச் சாமான் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் பந்திப்பூர் வழியாகப் போய்வருகிறேன். ராத்திரி 9 முதல் காலை 6 வரை அந்த ரோடு மூடியிருக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு பக்க கிராங்க் ஆயில் சீல், கார்க் பிளேட், பாயிண்ட், கண்டென்சர், பெட்ரோல் டேப் வாஷர், இதெல்லாம் பட்டியலில் முதலில் போடுங்கள்.

சீலைப் பற்றி ரெண்டு வார்த்தை. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ்தான் மூச்சு விடும் இடம். டைனமோ பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும், கலவை மெலிந்து இன்ஜின் தானாக ரேஸ் ஏறும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடித்துப் புகையாக விடும். 19 வருஷம் காய்ந்த ரப்பர் ரெண்டும் போயிருக்கும், சோதித்துப் பார்க்கிற வேலையே வேண்டாம். கார்க் பிளேட்டை மாட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி ஆயிலில் ஊறப்போடுங்கள்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரை ஊதவைக்கும், ஈரத்தையும் இழுக்கும். தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால் எத்தனாலோடு பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும், துரு ஆரம்பிப்பது அங்கேதான். மாசக்கணக்கில் நிறுத்துவதானால் இனி டேங்க்கையும் கார்பரேட்டரையும் வடித்துவிடுங்கள். அப்பா காலத்து "டேங்க் நிறைய ஊற்றி நிறுத்து" பழைய பெட்ரோலுக்குச் சரி.

ஆர்.சி. விஷயம்: 50 வருஷம் ஆனால்தான் விண்டேஜ் பதிவு, உங்களது 1981, அதனால் சாதாரணப் புதுப்பிப்புதான். 20 வருஷம் தாண்டிய டூவீலருக்கு 2025 ஆகஸ்டில் கட்டணம் 2,000 ரூபாய் ஆக்கினார்கள். தாமதத்துக்கும் பசுமை வரிக்கும் தனியாக எடுத்துவையுங்கள். வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போகாதீர்கள், சேஸ் நம்பர் பார்க்க வண்டியைக் கேட்பார்கள். சேஸ் நம்பர் மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம், இதை ஏன் சொல்கிறேன் என்றால் நான் அடித்தேன்.


கட்டபெட்டு தேயிலைக்காரி:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். பச்சைத் தேயிலை வரத்து அதிகம், ஞாயிறுதான் கொட்டகைக்குப் போகமுடிகிறது.

டீசலும் ஆயிலும் ஊற்றி ஆறு நாள் விட்டேன். ஏழாம் நாள் சக்கரத்தை ஆட்டினால் அசைவே இல்லை. பதினோராம் நாள் சாயங்காலம், ஆட்டிக்கொண்டே தம்பியோடு பேசிக்கொண்டிருந்தபோது, கையில் ஒரு சின்னத் துள்ளல். "டிக்" என்று ஒரு சத்தம். பிறகு ஒரு விரல் அளவு, பிறகு ஒரு சாண். தம்பி ப்ளக் ஓட்டைக்கு நேராக முகத்தை வைத்திருந்தான். கறுப்பு டீசல் அவன் நெற்றியில். கவாத்து மெஷின் பெட்ரோலுக்கு வட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றினோம். அண்ணா, நீங்கள் சொன்னபடியே. போரைச் சுற்றி மோதிரம் மாதிரி துரு ஒரு வளையம், அது பிஸ்டன் ரிங் நின்ற இடம். அதுமட்டுமில்லை, சைலன்சர் பக்கமாக மேலிருந்து கீழே நாலு கோடு. விரல் நகத்தை வைத்தால் தடுக்கியது. அந்தக் கோட்டுக்குள் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கிறது. பிஸ்டன் பக்கவாட்டில் அதே இடம் சுரண்டினாற்போல. பிஸ்டன் தலையில் 0.50 என்று அச்சு.

ஊசியையும் பார்த்தேன். க்ளிப் உச்சிக் காடியில்.

ரெண்டையும் ஒரு தட்டில் வைத்து அப்பா முன்னால் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு, பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "உங்கம்மா தூங்கிட்டாளா?" என்று கேட்டார். அம்மா தூங்கிவிட்டிருந்தார்.

கதை இதுதான். 2006 ஜனவரியில் அம்மாவின் சீட்டுப் பணத்தை வாங்கிப் போர் போட்டிருக்கிறார், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்திருக்கிறார். புது பிஸ்டன். ஓய்வு பெற்றால் வருமானம் குறையுமே, மைலேஜ் கூட்டலாம் என்று கூட வேலை பார்த்த யாரோ சொன்னதைக் கேட்டு ஊசியை இறக்கியிருக்கிறார். மேலே ஓடுகிறவரை ஒன்றும் ஆகவில்லை. மே மாசம் மேட்டுப்பாளையம் இறங்கி, டேங்க் நிறைய பெட்ரோல் போட்டு, ரெண்டு மூட்டை விதைக்கிழங்கைக் கட்டிக்கொண்டு வெயிலில் ஏறும்போது, குஞ்சப்பனைக்குக் கீழே ஒரு வளைவில் வண்டி "கீச்" என்று பிடித்து நின்றுவிட்டது. போர் போட்டு ஐந்து மாசத்தில் போச்சு என்று அம்மாவிடம் சொல்ல முடியாமல் "பெட்ரோல் தீர்ந்துபோச்சு" என்று சொல்லிவிட்டார். பெட்ரோல் கதை சொன்னவர், 19 வருஷம் அதைக் காப்பாற்றவேண்டியதாகிவிட்டது. ஆர்.சி. பிறகு வந்து சேர்ந்த காரணம்.

நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம். "அப்புறம் ரெண்டே கிக்குன்னு ஏன்பா சொன்னீங்க?" என்றேன். "ஆறினா விட்டுடும்னு நினைச்சேன்" என்றார்.

இப்போது என்ன செய்வது அண்ணா? மறுபடி போர் போடணுமா? கோடு ரொம்ப ஆழமா என்று எனக்குத் தெரியவில்லை.


குன்னூர் ஸ்பேனர்:

நகம் தடுக்கினால் போர் போட்டே ஆகவேண்டும் அம்மா. வெள்ளையாக அப்பியிருப்பது பிஸ்டனின் அலுமினியம். சூட்டில் பிஸ்டன் ஊதி போரில் உரசி உருகி ஒட்டியது. அப்பா சொன்னது பாதி சரி, ஆறினதும் விட்டிருக்கும். ஆனால் அன்றைக்கே திறக்காமல் நிறுத்தியதால் மேலே துரு ஒரு பூட்டைப் போட்டுவிட்டது.

என்ன நடந்தது என்றால், மலைக்காக மெலிய வைத்த கலவை. மேலே காற்றே மெலிசு, அதனால் தப்பித்தது. அடிவாரம் 300, 350 மீட்டர் உயரம்தான், அங்கே காற்று கெட்டி. அதே ஊசிக்கு அங்கே பெட்ரோல் பத்தாது. பெட்ரோல் பத்தாதென்றால் இந்த வண்டிக்கு ஆயிலும் பத்தாது, ஏனென்றால் ஆயில் அதிலேயே கலந்து வருவது. அதற்கு மேல் புதுப் போர், ரெண்டு மூட்டை, ஏற்றம், மே மாச வெயில். பிடிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

0.50 என்றால் அரை மி.மீ. பெரிய பிஸ்டன், அதனால் அடுத்து 0.75 பிஸ்டன் கிடைக்குமா பாருங்கள், கோவையில் நல்ல லேத்தில் கொடுங்கள். பிஸ்டனை கையில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள், அதை அளந்துதான் போர் அடிக்கணும். போரை முதலில் அடித்துவிட்டு பிஸ்டன் தேடக் கூடாது. கூடவே கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், பேரிங் "கரகர" என்றால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். கிளட்ச், சீல் எல்லாம் கூடலூர்க்காரர் சொன்னபடி.

ஊசி க்ளிப் நடுக் காடியில். அங்கேயே இருக்கட்டும்.


கட்டபெட்டு தேயிலைக்காரி:

இன்று காலை வண்டி கிளம்பியது.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைசூரிலிருந்து சாமான் பஸ்ஸில் வந்தது, போர் கோவையில் ஆனது, ஒரு பேரிங் கரகரத்தது, மாற்றியாச்சு. டேங்க்குக்கு வினிகர் ரெண்டு முறை ஊற்றவேண்டியிருந்தது. முடி காயவைக்கும் மெஷின் அத்தோடு முடிந்தது, அதற்கு வேறு வாங்கவேண்டும். சீட்டுக்கு அடியில் டூல் பாக்ஸைத் திறந்தபோது 2005-ஆம் வருஷத்து நாளிதழில் சுற்றி ஒரு புது ப்ளக், ஒரு கண்டென்சர், ஒரு கேன்டீன் டோக்கன் இருந்தது. கண்டென்சர் செத்திருந்தது. ப்ளக் நன்றாக இருக்கிறது, அதைத்தான் போட்டேன்.

லிட்டருக்கு 50 மில்லி ஆயில் கலந்து ஊற்றினேன், புதுப் போர் என்பதால் கொஞ்சம் கூடுதலாக. முதல் கிக்கில் ஒன்றுமில்லை. ரெண்டாவதில் ஒரு இருமல். கிக்கர் முழுசாக மடங்காமல் இருந்ததைக் கவனிக்காமல் உதைத்ததில் என் முட்டியில் ஒரு அடி. மூன்றாவதில் பிடித்தது. வெள்ளைப் புகை கொட்டகை முழுக்க. மீதியிருந்த குளவிக்கூட்டு மண் வலது சைலன்சரிலிருந்து பறந்துபோய் முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தது. அம்மா வெளியே ஓடிவந்து "பெட்ரோல் போட்டாச்சா?" என்றார். அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினேன். அப்பா நாற்காலியைக் கொட்டகை வாசலுக்கே போடச்சொல்லி உட்கார்ந்திருந்தார். "ஐட்லிங் கூட இருக்கு, ஸ்க்ரூவை கால் சுற்று வெளியே விடு" என்றார். விட்டேன். சரியாக நின்றது.

ரெண்டு கேள்வி. இந்த மேடு பள்ளத்தில் புதுப் போரை எப்படிப் பழக்குவது? சமதளமே கிடையாதே. ரெண்டாவது கேள்வி அப்பாவுடையது, என்னிடம் நேராகச் சொல்லவில்லை, தம்பியிடம் கேட்டிருக்கிறார்: வண்டி இனிமேல் மேட்டுப்பாளையம் பக்கம் போகப்போவதில்லை, மேலேயேதான் ஓடும், அதனால் ஊசியை ஒரே ஒரு காடி இறக்கினால் மைலேஜ் வருமா?


குன்னூர் ஸ்பேனர்:

சந்தோஷம் அம்மா.

முதல் 500 கிலோமீட்டர் தனியாக ஓட்டுங்கள், பின்னால் ஆளோ மூட்டையோ வேண்டாம். ஏற்றத்தில் இன்ஜின் முக்குவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள், ஆக்சிலேட்டரை முழுசாகத் திறக்காதீர்கள். கோத்தகிரி போய்ச் சேர்ந்தால் பத்து நிமிஷம் ஆறவிடுங்கள், டீ குடியுங்கள். இறக்கத்திலும் கவனம் வேண்டும். கார் மாதிரி ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டே நெடுநேரம் இறங்கக் கூடாது. சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும், பெட்ரோல் வராது, ஆயிலும் வராது. அரை நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு துளி திறந்து மூடுங்கள். உங்கள் அப்பா அருவங்காடு இறங்கும்போது "ட்ரூம்... ட்ரூம்..." என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் வந்திருக்குமே, அதுதான் இது. அவருக்குக் கை பழகியிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டர் ஆனதும் ப்ளக்கைக் கழற்றி, நிறத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் சரி.

அப்பாவின் கேள்விக்கு: மைலேஜ் வராது. லாரிதான் வரும்.